டெபியனில் குடியேறும் நிரல்மொழிகள்

கணினியில் ஒரு நிரலை நிறுவுவது இன்று மிகச் சாதாரணமான காரியமாகிவிட்டது. ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், சில விநாடிகளுக்குள் வேண்டிய நிரலும் அதற்குத் துணையானவையும் வந்து சேர்ந்து, தத்தம் இடத்தில் அமர்ந்து, வேலைக்குத் தயாராகிவிடுகின்றன. இந்தச் சௌகரியத்துக்குப் பின்னால், உலகின் பல பாகங்களிலும் பெரும்பாலும் ஊதியம் கருதாமல் உழைக்கும் பராமரிப்பாளர்கள் என்றொரு கூட்டத்தார் இருக்கிறார்கள் என்பதையும், பிறர் எழுதிய மூலநிரலை வாங்கி, அதன் உரிமத்தைப் பரிசோதித்து, தாமே அதைக் கம்பைல் செய்து, பொதியாகக் கட்டி, வருஷக்கணக்கில் அதன் வழுக்களுக்குப் பொறுப்பேற்பது அவர்கள் மேற்கொண்டிருக்கும் விரதம் என்பதையும் பயனர்களில் பலர் அறியார். அவர்கள் கட்டும் பொதிகளுள் தனி வகையான சிரமத்தைத் தருவது நிரல்மொழி. அச்சிரமம் எத்தகையது, அது எங்கிருந்து பிறக்கிறது, அதற்கு இதுவரை கண்ட பரிகாரங்கள் எவ்வளவு தூரம் பலித்திருக்கின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படம் வரையும் நிரலோ இசை கேட்பிக்கும் நிரலோ இயங்குதளத்தில் வந்து சேர்ந்தால், தனக்குரிய ஓர் இடத்தில் இருந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கிறது. அதில் கோளாறு நேர்ந்தாலும் நஷ்டம் பெரும்பாலும் அதனோடு நின்றுவிடும். நிரல்மொழியின் நிலை வேறு. பைத்தானையோ பெர்லையோ ஏற்றுக்கொண்டால், அந்த மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்களும் நிரலகங்களும் அதைத் தொடர்ந்து வந்து, அதன் ஒவ்வோர் அசைவையும் சார்ந்து நிற்கின்றன. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே அதில் எழுதப்பட்டிருக்கின்றன. இவை போதாவென்று, இக்காலத்து மொழி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு களஞ்சியத்தையும், அதிலிருந்து நிரலகங்களை இறக்கி நிறுவும் ஒரு கருவியையும் வைத்திருக்கிறது. பைத்தானுக்கு பிப், ரூபிக்கு ஜெம், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், ரஸ்டுக்கு கார்கோ. ஆகவே, ஒரே கணினியில் எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும், எந்தப் பதிப்பு நிலவவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். இந்த இரட்டை ஆட்சிக்கு எல்லை வகுப்பதே பிரச்சினையின் மூலம் என்பது என் அபிப்பிராயம். மற்றச் சிரமங்கள் பலவும் தொழில்நுட்பத்தின் வேஷத்தில் வந்தாலும், உள்ளே பார்த்தால் இந்த ஒன்றின் கிளைகளாகவே தோன்றுகின்றன.

இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய டெபியனை இங்கே பிரதான உதாரணமாகக் கொள்கிறேன். அது தன்னார்வலர்களால் நடப்பது, விதிகளில் கண்டிப்பானது, உபுண்டு முதல் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் இயங்குதளம் வரை பல வழங்கல்களுக்குத் தாய் என்பவற்றால், அங்கே எடுக்கப்படும் முடிவு வெகுதூரம் பரவுகிறது. டெபியனின் நிலையான வெளியீடு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. வெளியான பிறகு அதிலுள்ள பொதிகளின் பதிப்புகள் உறைந்துவிடும்; பாதுகாப்புக் குறை தென்பட்டால், புதிய பதிப்பைக் கொண்டுவராமல், பழைய பதிப்பிலேயே அந்தக் குறையை மட்டும் திருத்துவதுதான் அங்குள்ள சம்பிரதாயம். மருத்துவமனையிலும் வங்கியிலும் ஆராய்ச்சிசாலையிலும் கணினிகளை நிர்வகிப்போர் இந்த உறுதியை நம்பியே டெபியனை நாடுகிறார்கள். மொழிகளின் பஞ்சாங்கமோ வேறு. பைத்தான் 3.9 முதற்கொண்டு வருஷந்தோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. 2015 மே மாதத்தில் 1.0 ஆக வெளிவந்த ரஸ்ட், ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பை வெளியிடுகிறது. டெபியனின் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ரஸ்டின் பதினேழு பதினெட்டுப் பதிப்புகள் வந்துபோய்விடுகின்றன.

இரண்டு பஞ்சாங்கங்களும் தனித்தனியே ஓடினால் கேடில்லை. ஃபயர்ஃபாக்ஸ் அவற்றை மோதவைக்கிறது. நீண்டகால ஆதரவுள்ள ஃபயர்ஃபாக்ஸ் பதிப்பொன்று முடிவுக்கு வரும்போது, இணையத்தில் உலாவும் பயனரின் க்ஷேமத்தைக் கருதி, நிலையான டெபியனும் அடுத்த பதிப்புக்கு மாறித்தான் ஆகவேண்டும். அந்த உலாவியின் சில பகுதிகள் ரஸ்டில் எழுதப்பட்டவை. அவை கேட்கும் கம்பைலர், உறைந்துபோன வெளியீட்டில் உள்ளதைவிடப் புதியது. உறைந்த கம்பைலரை மாற்றினால் அதை நம்பிய மற்றப் பொதிகள் என்னாகுமோ என்ற அச்சம்; மாற்றாவிட்டால் உலாவி பழுதாகும். ஆகவே, பொதுவான ரஸ்ட் கம்பைலரைத் தொடாமல், உலாவிக்கென்றே வேறு பெயரில் ஒரு புதிய கம்பைலரை அருகில் வைப்பது என்ற உபாயத்தைக் கைக்கொண்டார்கள். அழகான ஏற்பாடு அன்று. ஆனால் கொடுத்த வாக்கு எதையும் மீறாத ஏற்பாடு.

இனி, மொழியைக் கட்டுவது என்ற முதல் காரியத்திலேயே எதிர்ப்படும் சங்கடத்தைப் பார்ப்போம். தானே தன்னைக் கட்டிக்கொள்ளும் திறனைத் தங்கள் மொழியின் முதிர்ச்சிக்கு அடையாளமாக மொழி வல்லுநர்கள் கருதுகிறார்கள். ரஸ்டின் கம்பைலர் ரஸ்டிலும், கோவின் கம்பைலர் கோவிலும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வாறெனில், முதல் கம்பைலரைக் கம்பைல் செய்தது எது? மரம் முந்தியா, விதை முந்தியா என்ற பழங்கேள்விதான் இது. ஆனால் இங்கே அது வேதாந்த விசாரமாக நின்றுவிடுவதில்லை. மூலநிரலிலிருந்து கட்டப்பட்டதைத் தவிர வேறெதையும் தன் பிரதான களஞ்சியத்தில் வைப்பதில்லை என்று உறுதிபூண்ட ஒரு வழங்கல், புதிய மொழி ஒன்றை ஏற்கும்போது, எவரோ எங்கோ கம்பைல் செய்த ஓர் இருமக் கோப்பை முதல் தடவையாவது நம்பி உள்ளே விடவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறது.

அந்த நம்பிக்கையின் அபாயத்தை யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரான கென் தாம்ப்ஸன், தமக்கு அளிக்கப்பட்ட டியூரிங் விருதை ஒட்டி நிகழ்த்தி 1984இல் அச்சான உரையில் விளக்கிவிட்டார். கணினிக்குள் நுழைவோரைச் சோதிக்கும் நிரலைக் கம்பைல் செய்யும்போதெல்லாம் அதில் ஒரு கள்ளச்சாவியைப் புகுத்துமாறும், கம்பைலரையே கம்பைல் செய்யும்போது இந்தத் தந்திரத்தை அதற்குள்ளும் புகுத்துமாறும் ஒரு கம்பைலரை அமைத்துவிட்டால், பிறகு மூலநிரலிலிருந்து அந்தச் சூதை முற்றிலும் அழித்துவிட்டாலும் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று அவர் காட்டினார். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் அங்கே குற்றம் தென்படாது. இதற்கு மாற்றாக, வேறு வழியில் கிடைத்த மற்றொரு கம்பைலரைக் கொண்டு அதே மூலத்தைக் கட்டி, இறுதி விளைவுகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடும் முறையை டேவிட் வீலர் வகுத்து, 2009இல் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு, ஒரே மொழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கம்பைலர்கள் இருக்கவேண்டும். புதிய மொழிகளுள் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ரஸ்டின் முதல் கம்பைலர் ஒகேமல் என்ற மொழியில் இருந்தது. அது கைவிடப்பட்ட பிறகு, ஒவ்வொரு பதிப்பையும் அதற்கு முந்திய பதிப்பைக் கொண்டுதான் கட்டவேண்டும் என்றாயிற்று. ஆரம்பத்திலிருந்து ஏறி வர விரும்புவோர் நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்கவேண்டும். இந்தச் சிரமத்தைத் தணிக்க, எம்ரஸ்ட்சி என்ற பெயரில் சி++ மொழியில் ஒரு தனிக் கம்பைலர் எழுதப்பட்டது. ரஸ்ட் மொழியின் விதிகளைப் பயனர் மீறியிருக்கிறாரா என்று அது சோதிப்பதில்லை, சரியான நிரல் என்று அறியப்பட்ட ஒன்றை இயந்திர மொழிக்குக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. அதைக் கொண்டு ரஸ்டின் ஒரு பழைய பதிப்பைக் கட்டிவிட்டால், அதன்மேல் படிப்படியாக ஏறலாம். கோ மொழியார் இவ்விஷயத்தில் சற்று முன்யோசனையுடன் நடந்துகொண்டார்கள்: கம்பைலர் சி மொழியில் இருந்த கடைசிப் பதிப்பு 1.4 என்பதும், 1.20ஐக் கட்ட 1.17 வேண்டும், 1.22ஐக் கட்ட 1.20 வேண்டும் என்பதும் தெளிவாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஏணி நீளமானதே, ஆயினும் படிகள் இன்னவை என்று தெரிகிறது. ஜாவாவுக்கோ ஏணியின் நடுப்படியே உருவப்பட்டுவிட்டது. ஜிசிசி எனப்படும் குனூ கம்பைலர் தொகுப்பில் இருந்த ஜிசிஜே என்ற ஜாவா கம்பைலர் 2017இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு நீக்கப்பட்டது. ஆகவே கிக்ஸ் என்ற வழங்கலைச் சேர்ந்தவர்கள், ஐபிஎம் ஒரு காலத்தில் சி++இல் எழுதிய ஜைக்ஸ் என்னும் பழைய கம்பைலரைத் தேடியெடுத்து, அதிலிருந்து ஜாம்விஎம் முதலான மறக்கப்பட்ட கருவிகளின் வழியாக இன்றைய ஓபன்ஜேடிகே வரை ஒரு பாதையைப் போட்டிருக்கிறார்கள். வழக்கொழிந்த நிரல் என்று எவரும் எறிந்துவிடக்கூடியது, ஒரு மொழியின் வம்சாவளியை நிரூபிக்கும் ஒரே சாட்சியாக நிற்கிறது.

அதே கிக்ஸ் வழங்கலார் 2023இல் எட்டிய நிலை இத்துறையின் பெரிய சாதனை என்று தயங்காமல் சொல்வேன். வெறும் 357 பைட் அளவுள்ள, மனிதன் ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு சிறு நிரலை வித்தாக வைத்து, அதிலிருந்து ஓர் எளிய அசெம்பிளர், அதிலிருந்து ஓர் எளிய சி கம்பைலர், அதிலிருந்து பழைய ஜிசிசி, பிறகு புதிய ஜிசிசி என்று, தங்கள் பொதிக்கூட்டம் முழுவதையும் மூலத்திலிருந்தே எழுப்ப அவர்களுக்கு முடிந்தது. இதனால் அன்றாடப் பயனருக்கு என்ன பிரயோஜனம் என்று வினவுவோர் உண்டு. தாம்ப்ஸன் எழுப்பிய சந்தேகத்துக்குச் செயலால் அளிக்கப்பட்ட விடை இது. அந்த விடை இல்லாதவரை, திறமூலம் என்ற சொல்லில் மூலம் என்ற பாதியை நாம் நம்பிக்கையின் பேரிலேயே உச்சரித்து வந்தோம்.

இத்துடன் தொடர்புடையது, ஒரே மூலத்தை எவர் எங்கே எப்போது கட்டினாலும் ஒரே விளைவு வரவேண்டும் என்று 2013 முதல் டெபியனில் நடந்துவரும் இயக்கம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விஷயத்தைக் கெடுப்பவை மிக அற்பமானவை: கட்டிய நேரம் கோப்புக்குள் பதிந்துவிடுவது, அடைவிலுள்ள கோப்புகளைப் படிக்கும் வரிசை மாறுவது, கட்டிய இடத்தின் பாதை உள்ளே ஒட்டிக்கொள்வது. பைத்தான் கம்பைல் செய்துவைக்கும் கோப்பில் மூலக்கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் எழுதப்பட்டிருந்தது; நேரத்துக்குப் பதிலாக மூலத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஒரு முத்திரை எண்ணை வைக்க 2018இல் வந்த 3.7 பதிப்புதான் வழிசெய்தது.

கட்டும் இடத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். டெபியனின் கட்டும் இயந்திரம் இணையத்திலிருந்து எதையும் இறக்கிக்கொள்ள விதிகள் இடம்தருவதில்லை; வேண்டிய சார்புகள் யாவும் டெபியனிலேயே பொதிகளாக இருக்கவேண்டும். இன்றைய மொழிக் கருவிகளோ, கட்டத் தொடங்கியதும் களஞ்சியத்துக்கு ஓடி, வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவதையே இயல்பாகக் கொண்டவை. அந்த ஓட்டத்தைத் தடுத்து, உள்ளேயே இருப்பதைக் கொண்டு திருப்தியடையச் செய்வது பராமரிப்பாளரின் முதல் வேலை. அடுத்து, மேசைக் கணினியின் செயலியில் கட்டிச் சோதித்த அதே மொழி, கைபேசிகளில் உள்ள ஆர்ம் வகைகளிலும், 2025இல் டெபியன் 13இல் சேர்ந்த ரிஸ்க்-ஃபைவிலும், ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390எக்ஸிலும் கட்டப்படவேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னது, ஓர் எண்ணின் பைட்டுகளை மற்றவற்றுக்கு நேர்மாறான வரிசையில் நினைவகத்தில் வைப்பது. வேறெங்கும் தேறிய சோதனை அங்கே மட்டும் தோற்கும். மொழியை எழுதியவரிடம் அந்த இயந்திரம் இராது. தோல்வியின் காரணத்தைத் துருவிக் கண்டுபிடிக்கும் பாரம் பராமரிப்பாளரின் தலையில் விழும். இந்த உழைப்பால் நேரும் நன்மை பெருங்கணினிக்காரருக்கு மட்டுமன்று. பைட்டு வரிசையைக் கவனியாமல் எழுதிய வழுக்கள் இவ்வாறுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன.

ஒரு மொழியைச் சார்ந்தால் அம்மொழி செல்லாத இடத்துக்குத் தானும் செல்ல முடியாது என்பதை 2021 பிப்ரவரியில் பலர் திடீரென்று உணர்ந்தார்கள். பைத்தான் உலகில் எங்கும் பரவியிருந்த கிரிப்டோகிராஃபி என்ற நிரலகத்தின் 3.4 பதிப்பு, தன்னைக் கட்ட ரஸ்ட் கம்பைலர் வேண்டும் என்று அறிவித்தது. நினைவகப் பிழைகளால் சங்கேதக் காப்பு உடையக்கூடாது என்ற அதன் ஆசிரியர்களின் கருத்து நியாயமானதே. ஆயினும் ஆல்ஃபா, எச்பிபிஏ போன்ற பழைய செயலிகளுக்கு ரஸ்ட் இல்லை. அவற்றைப் பேணிவந்த ஜென்டூ முதலான வழங்கல்களில், நேற்றுவரை வேலைசெய்த கருவிகள் ஒரு நிரலகத்தின் உள்மாற்றத்தால் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. பட வரைவுகளைக் காட்டும் லிப்ஆர்எஸ்விஜி நிரலகம் சில வருஷங்களுக்கு முன்பே இதே பாதையில் சென்றிருந்தது. இரு தரப்பிலும் தர்மம் இருக்கிறது. ஆனால் புதிய மொழியைச் சார்வது என்பது தம் நிரலகத்துக்குள் முடியும் சொந்த விஷயம் என்று ஆசிரியர்கள் எண்ணியிருந்தால், அது பொருந்தாது என்றே சொல்லவேண்டும்.

பெயரைப் பற்றிய வழக்கொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. நோட்ஜேஎஸ் டெபியனுக்கு வந்தபோது, நோட் என்ற கட்டளைப் பெயரை அமெச்சூர் வானொலிக்காரர்களின் பழைய பொதி ஒன்று ஏற்கெனவே வைத்திருந்தது. உலகமெங்கும் நோட்ஜேஎஸ் நிரல்கள் முதல் வரியிலேயே நோட் என்று எழுதிக்கொண்டிருக்க, வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே கட்டளைப் பெயரைத் தாங்கலாகாது என்பது டெபியனின் நியதி. வழக்கு தொழில்நுட்பக் குழு வரை சென்று, 2012இல் மொழியின் கட்டளைக்கு நோட்ஜேஎஸ் என்று முழுப்பெயர் சூட்டப்பட்டது. பழைய பெயரை விரும்புவோர் தனியொரு பொதியை நிறுவிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடாயிற்று. வானொலிப் பொதி மறைந்த பின்னர், 2017இல் அத்தீர்ப்பு விலக்கப்பட்டது. அதுவரை, வேறெங்கும் ஓடிய நிரல் டெபியனில் மட்டும் ஓடாததன் காரணம் புரியாமல் தவித்த பயனர்கள் அநேகர்.

எல்லை வகுக்கும் பிரச்சினை முழு உருவத்தில் தெரிவது பைத்தானில்தான். ஆகவே அதனிடம் சற்று நிதானமாக நிற்போம். ஒரு வழங்கலில் பைத்தானின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சிலகாலம் அருகருகே இருக்கவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வழியில்லை. ஒவ்வொரு பதிப்பும் நிரலகங்களைத் தனித்தனி அடைவில் தேடுவது. தவிர, மூலக்கோப்பின் பக்கத்திலேயே தான் கம்பைல் செய்த வடிவத்தையும் ஒரே பெயரில் முன்பு வைத்துவந்தது. இரண்டு பதிப்புகள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒன்று எழுதியதை மற்றொன்று அழிக்கும். ஆகவே டெபியனில் பைத்தான்-சப்போர்ட் என்ற கருவி, நிரலகத்தின் ஒவ்வொரு கோப்புக்கும் பதிப்புதோறும் ஓர் இணைப்பை உண்டாக்கி, இணைப்புகளாலான ஒரு பெருங்காட்டையே வளர்த்துவந்தது. பொதி நிறுவப்படும் வேளையில் ஏதேனும் தடைப்பட்டால் அந்தக் காடு பாதியில் நின்று, கணினியின் கருவிகள் பல ஒருசேர முடங்கும். இதற்குத் தீர்வு வந்தது மொழியின் உள்ளிருந்தே. டெபியன், உபுண்டு இரண்டிலும் உழைத்தவரும் பைத்தானின் மூல ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவருமான பாரி வார்ஸா எழுதிய பெப் 3147 என்ற முன்மொழிவின்படி, 2011இல் வெளிவந்த பைத்தான் 3.2 தன் கம்பைல் செய்த கோப்புகளைப் பைகேஷ் என்ற தனி அடைவில், பதிப்பின் பெயரைத் தாங்கிய பெயர்களோடு வைக்கத் தொடங்கியது. பைத்தான் 3இன் எல்லாப் பதிப்புகளுக்கும் ஒரே நிரலக அடைவு என்ற எளிமை டெபியனுக்கு அதனால் கிடைத்தது. வழங்கலுக்குள் வருஷக்கணக்கில் கட்டிய யுக்திகளால் தீராதது, இரு பக்கமும் அறிந்த ஒருவர் மொழியையே சிறிது திருத்தியதால் தீர்ந்தது என்பதை நான் இத்துறையின் முக்கியமான பாடமாகக் கருதுகிறேன்.

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 பழைய நிரல்களோடு ஒத்துப்போகாதது. பைத்தான் 2க்கு அதன் ஆசிரியர்கள் 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தினார்கள். அந்தப் பதினோரு வருஷமும், வெறும் பைத்தான் என்று கட்டளையிட்டால் எது எழுந்திருக்கவேண்டும் என்பதில் வழங்கல்கள் ஒருமுகப்படவில்லை. ஆர்ச் 2010இலேயே அதை மூன்றுக்கு மாற்றிவிட்டது. டெபியன், அப்பெயருக்குப் பொருளை மாற்றுவதைவிட அதை இல்லாமல் செய்வதே நாணயமானது என்று கருதி, 2021இல் வெளியான 11ஆம் பதிப்பில் வெறும் பைத்தான் என்ற கட்டளையே இல்லாமல் வந்தது. வேண்டுவோர் இரண்டில் எதை அப்பெயரால் அழைப்பது என்று தாமே தேர்ந்துகொள்ள இரண்டு சிறு பொதிகள் வைக்கப்பட்டன. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் பைத்தான் 2 முற்றிலும் வெளியேறியது. இடைக்காலத்தில் அதை நம்பியிருந்த பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆசிரியர் உயிரோட்டமாக இருந்தால் அவரோடு சேர்ந்து மாற்றியும், கைவிடப்பட்டதாயின் தாமே மாற்றியும், அதுவும் இயலாதபோது களஞ்சியத்திலிருந்து நீக்கியும் பராமரிப்பாளர்கள் செய்த பிரயத்தனம், எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் ஏறாத உழைப்பு.

இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளுக்கு உரிய பைத்தானும் பயனர் தம் வேலைக்கு வைத்துக்கொள்ளும் பைத்தானும் ஒன்றாக இருந்ததுதான் பெருங்கேடுகளுக்கு வித்து. ரெட்ஹாட் குடும்பத்தில் பொதிகளை நிர்வகித்த யம் என்ற கருவி பைத்தானில் எழுதப்பட்டது. புதிய பைத்தான் வேண்டும் என்று பழையதை அப்புறப்படுத்திய நிர்வாகிகள், அதைத் திரும்ப நிறுவும் கருவியே இறந்துகிடப்பதைக் கண்டு திகைத்தார்கள். ரெட்ஹாட் 2019இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பில், கருவிகளுக்கான பைத்தானை வேறு பெயரில் பயனர் கண்ணில் படாத ஓர் இடத்தில் வைத்து, பொதுப்பெயரைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டது. ஃப்ரீபிஎஸ்டி இன்னும் முன்பே, 5.0 பதிப்பில், தன் அடிப்படை அமைப்பிலிருந்து பெர்லை வெளியே எடுத்துவிட்டது. டெபியனோ பெர்லின் ஒரு சுருங்கிய வடிவத்தை எந்தக் கணினியிலும் நீக்கக்கூடாத அத்தியாவசியப் பொதிகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

பிப் மூலம் நிறுவுவது வழங்கலின் கோப்புகளைத் தொடாதிருக்க, டெபியன் தன் நிரலகங்களை சைட்-பேக்கேஜஸ் என்ற வழக்கமான பெயரை விட்டு, டிஸ்ட்-பேக்கேஜஸ் என்ற அடைவில் வைத்தது. இது பாதி வேலியே. பயனர் நிர்வாகி அதிகாரத்தோடு பிப்பை ஓட்டினால், அது இறக்கும் புதிய நிரலகம் தேடும் வரிசையில் முன்னே நின்று, டெபியனின் கருவி எதிர்பார்த்த பழையதை மறைத்துவிடும்; கருவி உடையும்; பயனர் டெபியனிடம் முறையிடுவார்; உடைந்த காரணம் டெபியனின் எந்தப் பொதியிலும் இராது. முழு வேலி பெப் 668 என்ற உடன்படிக்கையால் வந்தது. அதன் ஏற்பாடு மிக எளியது: பைத்தானின் அடிப்படை நிரலகங்கள் உள்ள அடைவில், இந்தப் பைத்தானை நிர்வகிப்பவர் வேறொருவர் என்று கூறும் ஒரு சிறு கோப்பை வழங்கல் வைக்கும், பிப் அதைக் கண்டால் நிறுவ மறுத்து, அக்கோப்பில் வழங்கல் எழுதிவைத்த விளக்கத்தைப் பயனருக்குக் காட்டும். டெபியன் 12இல் ஒருவர் பிப்பை அவ்வாறு ஓட்டினால், டெபியனின் சொந்தக் கருவியான ஏபிடி வழியாக நிறுவலாம், அல்லது தனியான மெய்நிகர்ச் சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் விருப்பப்படி நிறுவலாம் என்ற யோசனை திரையில் வருகிறது. அதையும் மீற விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. ஆனால் கணினியின் பொதிகளை உடைக்கச் சம்மதிக்கிறேன் என்று பொருள்படும் நீண்ட சொல்லை அவர் தம் கையாலேயே தட்டவேண்டும். இந்த மறுப்பை முதன்முதல் கண்டவர்கள் எரிச்சலடைந்தார்கள். என் மனத்துக்கோ, இரு தரப்பும் தத்தம் எல்லையை ஒப்புக்கொண்ட முதல் பத்திரமாக அது படுகிறது. எவரும் தம் உரிமையை இழக்கவில்லை, எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெளிவாயிற்று.

வழங்கல்கள் எப்போதும் சரியாக நடந்தன என்று நான் கூறவில்லை. டெபியன் ஒரு மொழியின் அடிப்படைத் தொகுப்பையே பல பொதிகளாகத் துண்டாக்கிய வழக்கம் நன்மையைவிடத் தீமையையே அதிகம் விளைத்தது. ரூபி 1.8இன் உள்ளடக்கம் பல சிறு பொதிகளாகப் பிரிந்துகிடந்தது. பைத்தானை நிறுவியவருக்கு மெய்நிகர்ச் சூழல் அமைக்கும் பகுதி இன்றும் தனிப் பொதியாகவே வருகிறது. இடத்தைச் சிக்கனப்படுத்துவதும், சன்னல் நிரலகங்களைச் சர்வர்களில் ஏற்றாதிருப்பதும் இதன் நோக்கம். ஆனால் பாடப்புத்தகத்தைப் பார்த்து முதல் நிரலை எழுதும் மாணவன், புத்தகம் சொல்வது தன் கணினியில் மட்டும் இல்லையென்று கண்டால், குற்றத்தை மொழியின்மேலோ தன்மேலோ சுமத்துவானே தவிர, பொதி பிரித்த கதையை அறியான். மொழியின் ஆசிரியர்கள் ஒரே முழுமையாக அளித்ததை முழுமையாகவே கொடுப்பதுதான் முறை.

பராமரிப்பாளர் மூலநிரலில் செய்யும் திருத்தங்களும் இருபுறம் கூரானவை. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் 2006இல் செய்த ஒரு திருத்தம், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை நிறுத்தும் நல்லெண்ணத்தோடு, சங்கேத எண்களுக்கு வேண்டிய தற்செயல்தன்மையையும் நீக்கிவிட்டது. இயங்கும் செயல்முறையின் எண் ஒன்றே எஞ்சியதால், உண்டாகக்கூடிய சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கின. 2008 மே மாதத்தில் அது வெளிப்பட்டபோது, அந்தப் பதிப்புகளில் உண்டான சாவிகள் யாவற்றையும் எறிந்துவிட்டுப் புதியன செய்யவேண்டியதாயிற்று. 2024 மார்ச் 29இல் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலகத்தில் நடந்த சூழ்ச்சியில், தீய நிரலை உயிர்ப்பிக்கும் வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று கட்டிய கோப்பில் மட்டும் இருந்தன. எஸ்எஸ்எச் சர்வரை எக்ஸ்இசட் நிரலகத்தோடு மறைமுகமாகப் பிணைத்ததோ சில வழங்கல்கள் தாமே சேர்த்த திருத்தம். இவ்விரண்டும் நிரல்மொழிகளில் நேர்ந்தவை அல்ல. ஆனால் நிரல்மொழியின் கம்பைலரில் அவ்வாறு நேர்ந்தால் அதனால் கட்டப்பட்டதெல்லாம் கெடும். ஆகவேதான் திருத்தங்களைக் குறைத்து, இன்றியமையாதவற்றை மூல ஆசிரியரிடமே சேர்ப்பிக்கும் மனப்பான்மை இப்போது வலுத்துவருகிறது.

கோவும் ரஸ்டும் கொண்டுவந்த புதிய சங்கடம், நிரலகங்களை நிரலுக்குள்ளேயே கலந்து ஒரே கோப்பாக்கிவிடும் முறை. சி மொழியில் ஒரு பொது நிரலகத்தில் குறை கண்டால் அந்த ஒரு பொதியை மாற்றினால் போதும். அதைச் சார்ந்த நிரல்கள் யாவும் அக்கணமே குணமாகும். கோ நிரல்களில் அந்தக் குறை ஒவ்வொன்றின் உடம்பிலும் கலந்திருக்கும். எந்தப் பொதிக்குள் எந்த மூலத்தின் எந்தப் பதிப்பு கலந்திருக்கிறது என்று விவரக் குறிப்பில் எழுதிவைத்து, குறை தெரிந்ததும் அவை யாவற்றையும் மீண்டும் கட்டவேண்டும். தன் கட்டமைப்பு அதற்கு இன்னும் முழுதும் தயாராகவில்லை என்பதால், இத்தகைய பொதிகளுக்குப் பாதுகாப்பு ஆதரவு வரையறைக்குட்பட்டதே என்று டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்புகளில் ஒளிவின்றி அறிவித்திருக்கிறது. ஹாஸ்கெல் பொதிகளிலோ, நிரலகத்தின் இடைமுகத்திலிருந்து கணித்த முத்திரை எண் சார்புப் பெயரிலேயே ஏறியிருப்பதால், அடியிலுள்ள ஒன்று சிறிது அசைந்தாலும் மேலுள்ளவை வரிசையாக மறுபடி கட்டப்படுகின்றன. உழைப்பு மிகுதி, ஆனால் ஒவ்வாதவை தவறியும் சேர்வதில்லை.

உரிமத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போர் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஸன் நிறுவனம் 2006 நவம்பரில் ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில் விடுவிப்பதாக அறிவித்து, மறுவருஷம் அதன் பெரும்பகுதி வெளிவந்தபோதும், பிறர் உரிமையில் சிக்கிய சில பகுதிகள் மீந்தன; ரெட்ஹாட் தொடங்கிய ஐஸ்ட்டீ திட்டம் அந்த ஓட்டைகளை அடைத்து, 2008இல் முழுமையான சுதந்தர ஜாவா கைக்கு வந்தது. மாற்றக்கூடாத பகுதிகளைக் கொண்டிருப்பதால் ஜிசிசியின் கையேடு மட்டும் டெபியனின் பிரதான களஞ்சியத்துக்கு வெளியே இன்றும் இருக்கிறது.

இவ்வளவு பாடும் எதற்கு, ஒவ்வொரு நிரலையும் அதன் சார்புகள் யாவற்றோடும் கண்டெய்னரில் அடைத்துக் கொடுத்துவிட்டால் போகாதா என்று கேட்போர் பெருகிவருகிறார்கள். அந்த வழி பொறுப்பை அகற்றுவதில்லை, இடம் மாற்றுகிறது. உள்ளே அடைபட்ட நூறு நிரலகங்களில் குறை வந்தால் திருத்துவது யார் என்ற கேள்வி கண்டெய்னரைக் கட்டியவரிடம் போய்ச் சேர்கிறது, அவரோ பெரும்பாலும் அடுத்த வேலைக்குச் சென்றிருப்பார். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய நிக்ஸ் முறை இதைவிட ஆழமானது. அங்கே ஒவ்வொரு பொதியும், தான் கட்டப்பட்ட சார்புகள் அனைத்திலிருந்தும் கணித்த முத்திரையைப் பெயரில் தாங்கித் தனி அடைவில் இருக்கும். ஒரே நிரலகத்தின் பல பதிப்புகள் மோதாமல் வாழும். எது எதைக் கொண்டு கட்டப்பட்டது என்ற வரலாறும் அழியாது. கிக்ஸ் அந்த வழியில் வந்ததே. டெபியன் தன் முப்பது வருஷ அமைப்பை விட்டு அங்கே செல்லப்போவதில்லை, செல்லவேண்டியதும் இல்லை. ஆனால் மொழிகளின் பல பதிப்புகளை ஒருங்கே வைக்கும் சங்கடத்துக்கு அடிப்படையான தீர்வு அம்முறையில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது நடந்துகொண்டிருக்கும் மாற்றம் ஒன்று இக்கேள்விகள் யாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டியிருக்கிறது. டெபியனில் எல்லாப் பொதிகளையும் கொண்டுவந்து சேர்க்கும் ஏபிடி கருவியே 2026 மே மாதத்துக்குப் பிறகு ரஸ்டைக் கட்டாயமாகச் சாரும் என்று 2025 அக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. பொதிகளையும் கையொப்பங்களையும் பிரித்துப் படிக்கும் பகுதிகள் நினைவகப் பிழையற்ற மொழியில் இருக்கவேண்டும் என்பது அதன் நியாயம். வெளியிலிருந்து வரும் நம்பத்தகாத தரவை முதலில் தொடும் இடம் அது என்பதால் அந்த நியாயம் வலுவானது. அதிகாரபூர்வமான செயலிகள் அனைத்திலும் ரஸ்ட் ஏற்கெனவே இருக்கிறது. தன்னார்வலர் சிலர் தனியே பேணிவரும் ஆல்ஃபா, எச்பிபிஏ, எம்68கே, எஸ்எச்4 ஆகியவற்றுக்குத்தான் அது இல்லை. ஆறு மாதத்துக்குள் ரஸ்டைக் கொண்டுவருவது அல்லது ஆதரவை முடித்துக்கொள்வது என்ற இரண்டே வழிகள் அவர்கள்முன் வைக்கப்பட்டன. ஜிசிசி தாங்கும் செயலிகள், இன்றைய ரஸ்ட் கம்பைலரின் பின்புலமான எல்எல்விஎம் தாங்குவனவற்றைவிட அதிகம் என்பதால், ஜிசிசியின் உள்ளேயே ரஸ்டுக்கு ஒரு முகப்பை எழுதும் ஜிசிசிஆர்எஸ் முயற்சியும், இன்றைய ரஸ்ட் கம்பைலருக்கு ஜிசிசியைப் பின்புலமாகப் பொருத்தும் முயற்சியும் நடந்துவருகின்றன. முன்னது பூர்த்தியானால், ரஸ்டுக்கு முழுமையான இன்னொரு சுதந்தரமான கம்பைலர் கிடைத்து, வீலரின் ஒப்பீட்டுக்கும் வழி விரியும். பின்னது முந்தினால், பழைய செயலிகளைப் பேணுவோருக்கு விரைவில் ஒரு வழி பிறக்கலாம்.